கறிவேப்பிலை கேட்டு வந்த ஓனரக்கா

ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டி நாங்கள் முதன்முதலில் குடியேறிய லைன் வீட்டின் சொந்தக்காரர், இந்த உலகத்தில் ஒருத்தரையும் நம்பாதவர். பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொம்பை உள்ளே கொண்டுபோவார். தக்காளி வாங்கினால் கூடையின் அடிவரைக்கும் கையை விடுவார். மழை வரும் என்று டிவியில் சொன்னால் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். வானம் கறுத்துக்கொண்டு நின்றாலும் “பாக்கலாம்” என்பார்.

வீட்டில் அவருக்குத் தெலுங்கு. கடைத்தெருவில் கன்னடம். எங்களிடம் தமிழ். எந்த மொழியில் பேசினாலும் நடுவில் “அவுனா?” என்று ஒன்று வந்துவிடும். அப்படியா என்பதற்குத் தெலுங்கு. மற்றவர்கள் சொன்னால் அப்படியா என்றுதான் அர்த்தம். ஓனரக்கா சொன்னால், நீ சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லி முடி, கேட்கிறேன் என்று அர்த்தம்.

எல்லோருக்கும் அவர் ஓனரக்காதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஐம்பது வயது இருக்கும். தனியாக இருந்தார். “வீட்டுக்காரரு எங்கக்கா?” என்று ஒரு முறை கேட்டேன். “அது இப்ப எதுக்கு?” என்றார்.

சந்தேகப்படுவதில் நானும் லேசுப்பட்டவள் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கல்யாணமான கையோடு ரெண்டு சூட்கேஸும் ஒரு மிக்ஸியுமாக வந்து இறங்கியவள் நான். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர் வேலை. எதிரும் புதிருமாக எட்டு வீடு, நடுவில் ஒரு குழாய், கடைசியில் பொதுவான கக்கூஸ், முகப்பில் ஓனரக்காவின் வீடு. எல்லா வீட்டுக்கும் மேலே சிமெண்ட் சீட். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

வந்த முதல் வாரமே ஓனரக்கா கதவைத் தட்டினார். “ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை இருக்குதாம்மா?”

எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே கறிவேப்பிலை மரம் ஒன்று தழைத்துக்கொண்டு நிற்கிறது.

“ஒங்க வாசல்லயே மரம் நிக்கேக்கா?”

“அது கசக்குது” என்றார். சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி, வீட்டுக்குள்ளே பார்த்தார். கறிவேப்பிலையைக் கொடுத்த பிறகும் போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு ஊர், பேர், அப்பா என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு அவுனா.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மூன்றாம் வீட்டு அக்கா வந்து லைட்டர் கேட்டார். அவர் தர்மபுரிக்காரர், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அப்புறம் ஆறாம் வீட்டிலிருந்து வந்து இட்லித் தட்டு கேட்டார்கள். இதென்ன, ஒன்றுமில்லாத பஞ்சப் பரதேசிகள் லைனாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வேறு மாதிரி சொன்னார். “இந்தப் பொம்பள சரியில்ல பாத்துக்க. இந்த லைன்ல ரெண்டு பொண்ணுக காணாமப் போயிருக்கு. பார்டரைத் தாண்டிக் கொண்டுபோயி பெங்களூர்ல வித்துருதாளாம். டீக்கடைல பேசிக்கிடுதாங்க. அவகிட்ட வாய் குடுக்காத.”

நான் நம்பினேன். ரெண்டாம் வீடு பூட்டிக் கிடந்தது. அதில் இருந்தவள் எங்கே என்று யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றினார்கள். ஓனரக்கா அடிக்கடி அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏறிப்போவார். எங்கே என்று கேட்டால், “சும்மா” என்பார். சும்மா யாராவது டிக்கெட் எடுத்து மாநிலம் தாண்டிப் போவார்களா?

இன்னொன்றையும் கவனித்தேன். நான் தனியாக இருக்கும்போது ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் இருக்கும்போதுதான் இவர்களுக்கு எல்லாம் தீர்ந்துபோகும். ஒருத்தி உப்பு, ஒருத்தி ஸ்க்ரூடிரைவர், ஓனரக்காவுக்குத் திரும்பவும் கறிவேப்பிலை. ஒருநாள் குழாயடியில் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் வீட்டு அக்காவைப் பார்த்து, “என் வீட்டுக்காரரு இருக்கும்போதுதான் ஒங்களுக்கெல்லாம் உப்பு தீருமா? எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு” என்று கத்தினேன்.

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “ஐயோ சாமி, உன் வீட்டுக்காரன யாரு பாக்க வந்தா? உன்னத்தான் பாக்க வந்தோம். டிவி சத்தம் ஏறுச்சுன்னா வர்றோம். அவ்ளோதான்.”

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது.

அவன் என்னை அடிப்பான். அப்போதெல்லாம் அவர் என்றுதான் சொல்வேன், இப்போது அவன் போதும். குழம்பில் உப்பு கூடினால், அம்மாவுடன் போனில் கூடுதலாக நாலு வார்த்தை பேசினால், சில நாள் ஒன்றுமே இல்லாமலும் அடிப்பான். அடிக்கப் போகிறான் என்றால் முதலில் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவான். அது வெளியே கேட்காமல் இருக்க அவன் செய்த ஏற்பாடு. அதையே இந்தப் பெண்கள் கூப்பிடு மணியாக வைத்துக்கொண்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடிக்கிறவன் கதவைத் திறந்து உப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி சாத்திவிட்டு அடிக்க வேண்டும். அதற்குள் லைட்டர் கேட்டு ஒருத்தி வருவாள். அவள் போனால் இன்னொருத்தி. சில சமயம் மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். கை ஓங்கியவன் வெறுத்துப்போய் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது ஓனரக்கா. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடினால் என் கை தானாக ஒரு காலி டம்ளரை எடுக்கிறது.

இது தெரிந்த பிறகு நான் அவரை நம்பியிருக்க வேண்டும். இல்லை, சந்தேகம் கூடியது. எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், இல்லை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இவர்கள் இரண்டும் செய்யவில்லை. காரியம் இல்லாமலா இந்தப் பொம்பளை இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்றே மனம் ஓடியது.

ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். “இது என்னா?”

“எண்ண தெறிச்சிட்டுக்கா.”

“அவுனா? எண்ண சுத்தி வந்து வளையல் மாதிரி தெறிச்சுதா?”

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. “பொய் சொல்லு, பரவால்ல. என்கிட்ட எல்லாரும் மொதல்ல பொய்தான் சொல்லுவாங்க. மகளிர் ஸ்டேஷனுக்குப் போலாமா?”

“வேண்டாம்க்கா. ஊர்ல தெரிஞ்சா அசிங்கம்.”

“சரி” என்று போய்விட்டார். வற்புறுத்தவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நான் லைன் பெண்களோடு பேசுவது என் வீட்டுக்காரனுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் வீட்டு அக்காவிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்ததைப் பார்த்துவிட்டான். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் என் போனைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டு, வெளியே போய் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் ஓனரக்காவின் முகம் தெரிந்தது.

“மறந்து பூட்டிட்டுப் போயிட்டாகக்கா” என்றேன்.

“அவுனா? போனும் மறந்துதான் கீழ விழுந்துச்சா?”

அவர் போய் ஒரு முறம் அவரைக்காயோடு திரும்பி வந்தார். ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். அது அவரைக்காய்க் காலம். ஓசூர் முழுக்க எல்லா வீட்டிலும் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். நைட் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து முறத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சினிமா பேசினார்கள், சூப்பர்வைசரைத் திட்டினார்கள். கம்பி வழியாக எனக்கு டீ கொடுத்தார்கள். கதவைத் திறக்கிறேன் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. நல்ல எண்ணம் இருந்தால் திறக்க மாட்டார்களா? எதற்காக இப்படிக் காவல் இருக்கிறார்கள்? உள்ளே நின்றுகொண்டு எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் என் வாயைத் திறக்க வைத்தது வீரம் எல்லாம் இல்லை. கக்கூஸ் லைனின் கடைசியில் இருந்தது. அவ்வளவுதான். எத்தனை நேரம்தான் அடக்குவது?

“அக்கா, தெறங்க.”

ஓனரக்கா உரிப்பதை நிறுத்தினார். “கக்கூஸ் போறதுக்கு மட்டுமா, இல்ல போயிடறதுக்கா?”

நான் அழுதேன். அழுதுகொண்டே, “போயிடறதுக்கும்தான்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காலையிலிருந்து காத்திருந்தார்கள் போல. சட்டென்று எல்லோரும் எழுந்தார்கள். ஐந்தாம் வீட்டு அண்ணன் சுத்தியலோடு வந்தார், பூட்டை உடைக்கிறேன் என்று. ஓனரக்கா தடுத்துவிட்டார். “வேணாம்பா. பூட்ட ஒடச்சி பொண்டாட்டிய தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கதை கட்டுவான். பூட்டு அப்படியே இருக்கட்டும்.”

வெளிப்பக்கம் திறக்கிற தகரக் கதவு. கீல்கள் மூன்றும் வெளியேதான் தெரியும். மூன்றாம் வீட்டு அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு குந்தினார். “கம்பெனில நாளெல்லாம் ஸ்க்ரூ போட்டுட்டே கெடக்கறேன். கழட்டறதுக்கு இன்னிக்குத்தான் சான்ஸ் கெடச்சுது” என்றார். துரு பிடித்த ஸ்க்ரூவுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்கள். கீல் பக்கம் கதவு விலகியது, பூட்டு அது பாட்டுக்குத் தொங்கியது. அந்த இடுக்கில் ஒரு பையோடு நான் வெளியே வந்தேன். முதலில் கக்கூஸுக்குத்தான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் கதவை நிறுத்தி, ஸ்க்ரூக்களை முறுக்கி, பழையபடி ஆக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் நடந்ததை மூன்றாம் வீட்டு அக்கா பிறகு என்னிடம் நடித்தே காட்டினார். அவன் வந்தான், பூட்டைத் திறந்தான், உள்ளே போனான். வெளியே வந்து, “என் பொண்டாட்டி எங்க?” என்று கத்தினான்.

“உள்ள வெச்சுப் பூட்டினது யாரு?” என்று கேட்டாராம் ஓனரக்கா.

“நான்தான்.”

“சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு.”

“பூட்டு ஒடஞ்சிருக்குதா?”

“இல்ல.”

“அப்ப உள்ளதான் இருப்பா. நல்லாத் தேடிப் பாரு.”

போலீசுக்குப் போகவும் அவனால் முடியவில்லை. போனால், பெண்டாட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் போனேன் என்று அவனே சொல்ல வேண்டும்.

என்னை ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு அறையில் தங்க வைத்தார்கள். கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த அறை. ஆளுக்கொரு ஷிப்டு. வேலைக்குப் போனவளின் பாயில் நான் படுத்துக்கொள்வேன். எந்த நேரமும் யாராவது ஒருத்தி விழித்திருப்பாள், கதவுப் பக்கம் ஒரு கண் இருக்கும். அந்த ஐவரில் ஒருத்தி, எங்கள் லைனில் ரெண்டாம் வீட்டிலிருந்து காணாமல் போனவள். “என்னை வித்துட்டாங்கன்னா சொன்னாங்க? எவ்ளோவுக்குன்னு கேக்கலயா நீ?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய கீழ் உதட்டில் ஒரு தையல் தழும்பு இருந்தது.

அப்போதும் நான் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன். ஓனரக்கா பார்க்க வந்தபோது, “ஒங்களுக்கு எப்படிக்கா நன்றி சொல்லப் போறேன்” என்றேன், ஒரு மரியாதைக்கு. அவர் முகம் கடுத்தது. “சொல்லாத. நன்றி சொல்றவங்கதான் சீக்கிரம் அவன்கிட்டயே திரும்பிப் போறாங்க” என்றார். அந்த வீட்டை அவர் இன்னும் அவனுக்கே வாடகைக்கு விட்டிருந்தார். ஏன் காலி பண்ணச் சொல்லவில்லை என்று கேட்டேன். “கண்ணு முன்னால இருந்தா அவன் என்னா பண்றான்னு தெரியும். எங்கயோ இருந்தான்னா தெரியாது” என்றார்.

அன்றைக்கே வாசலில் நின்று போனில் கன்னடத்தில் பேசினார். “ஹுடுகி ஒள்ளேவளு, நாளெ கர்கொண்டு பர்தினி.” பெண் நல்லவள், நாளைக்கு அழைத்து வருகிறேன் என்று அர்த்தம். அந்த அளவுக்கு எனக்குக் கன்னடம் வந்திருந்தது. டீக்கடைப் பேச்சு அப்படியே என் முன்னால் எழுந்து நின்றது. அத்திப்பள்ளியில் ஒரு தையல் யூனிட்டில் எனக்கு வேலை கேட்டுப் பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். டீக்கடைப் பேச்சு அப்படியே என் முன்னால் எழுந்து நின்றது. ஒரு பெண்ணின் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன்.

அம்மா வந்தாள். கூடவே அவனுடைய தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பஞ்சாயத்துப் பேச ஆள் வேண்டும் அல்லவா? என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “அடிச்ச கைதாம்ட்டி நாளைக்கு அணைக்கும். தங்கச்சி ஒருத்தி இருக்கா, நெனச்சுப் பாரு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைனின் நடுவில் பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். அம்மா, தாய்மாமா, பையோடு நான். சுற்றிலும் லைன் பெண்கள், ஜூஜுவாடி அறைப் பெண்கள். அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றான். அழுதான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். எனக்கு மனம் இளகியது, அதை மறைக்க மாட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிடலாம் போல இருந்தது.

தாய்மாமா கற்பூரத்தைக் கொளுத்தினார். “அடிச்சுச் சத்தியம் பண்ணுல. இனிமே இவ மேல கை வைக்க மாட்டேன்னு சொல்லு.”

அவன் சத்தியம் செய்தான். அம்மா ஓனரக்காவைப் பார்த்தாள், போதுமா என்கிற மாதிரி.

“அவுனா?” என்றார் ஓனரக்கா. “கற்பூரம் யாரு கொளுத்தினாலும் எரியுங்க. எனக்கு அது பத்தாது. நான் ஒண்ணு கேக்கறேன். இந்தப் பொண்ணு காலைலருந்து மதியம் தாண்டி உள்ள கெடந்துச்சு. அவ்ளோ நேரம் வேணாம். நாம எல்லாம் ஒரு காபி குடிக்கற வரைக்கும் தம்பி உள்ள இருக்கட்டும். நான் பூட்டறேன். சத்தம் போடாம இருந்துட்டு வெளிய வந்தான்னா, நானே இவள அனுப்பி வெக்கறேன்.”

தாய்மாமா சிரித்துவிட்டார். “இம்புட்டுத்தானம்மா? ஏலே, உள்ள போ. பொம்பளைகளுக்கு ஒரு திருப்தி.”

அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே போனான். ஓனரக்கா கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டார். காபி வந்தது. டம்ளர் சுட்டது, எல்லோரும் ஊதினோம்.

முதலில் சத்தமே இல்லை. அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பார்த்தாயா என்று.

“போதும், தெறங்க” என்று குரல் வந்தது.

ஓனரக்கா ஒரு வாய் குடித்தார்.

“மாமா, என்ன வெளையாட்டு இது? தெறக்கச் சொல்லுங்க.”

தாய்மாமா எழுந்திருக்கப் பார்த்தார். ஓனரக்கா, “இன்னும் பாதி காபி இருக்குதுங்களே” என்றார்.

கதவில் ஒரு குத்து விழுந்தது. அப்புறம் உதை. தகரம் அதிர்ந்தது. பிறகு ஆரம்பித்தான். ஓனரக்காவைத் திட்டவில்லை, பூட்டியவரைத் திட்டவில்லை. என்னைத்தான். என் பெயரைச் சொல்லி, என் அம்மாவைச் சொல்லி, என் தங்கையைச் சொல்லி. வீட்டுக்குள் டிவி சத்தத்தில் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைகள் எல்லாம் பட்டப்பகலில், பத்துப் பதினைந்து பேர் நடுவில் வந்து விழுந்தன. “ஒன்னாலதானடி இம்புட்டும். நான் வெளிய வந்தேன்னா ஒன்னக் கொன்னு இதுக்குள்ளயே பொதச்சுருவேன், எவ வந்து கேக்கான்னு பாக்கேன்” என்றான்.

தாய்மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் காபி சேலையில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. எழுந்தாள், என் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

ஓனரக்கா என் உள்ளங்கையை விரித்துச் சாவியை வைத்தார். “உன் புருஷன், உன் வீடு. தெறக்கறதுன்னா தெற. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அப்போதும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். இவள் திறந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருப்பார். என் மேல் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நான் சாவியைத் தாய்மாமாவின் கையில் கொடுத்தேன்.

“மாமா, நாங்க பஸ் ஏறுன பெறவு தெறந்து விடுங்க.”